கட்டை வைத்த பிக்கப்

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். என் சிறுவயதிலும் அந்தச் சரக்குக்கு மாட்டுவண்டிதான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபின் தெருவெல்லாம் குட்டி லாரி.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் தன் பிக்கப்பைக் காட்டினான். பாரத்தில் பின்பக்கம் தாழ்கிறதாம். ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்தியிருந்தான். பல பிக்கப்புகளில், பாடி தாழ்வதை வைத்துத்தான் ஒரு வால்வு பின் பிரேக்கைக் கூட்டும். கட்டை வைத்தால், முழுப் பாரத்திலும் காலி வண்டி என்று அது ஏமாறும். ஏற்றுவதோ பட்டாசு!

1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும், 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்துச் சொன்னேன்: கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. நேற்று, "கழற்றிட்டேன் சார்" என்று போட்டோ அனுப்பினான். வால்வுக் கம்பியையும் பிரேக் ஹோஸையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.