முயலுக்குக் கூண்டு எங்கிருந்து வந்தது?

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். ஏழாவது படிக்கிறாள். "சித்தி, பக்கத்து ஃப்ளாட் அங்கிள் ஒரு முயல்குட்டி தர்றேன்னு சொல்லியிருக்கார். கூண்டு எந்த சைஸ்ல வாங்கணும்?" என்று கேட்டாள். எதையாவது தேடிப் படித்து எழுதுகிற சித்திக்கு இதெல்லாம் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. "பார்த்துச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு வேறு வேலை ஓடவில்லை.

காரணம், நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் வீட்டிலும் ஒரு முயல் இருந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். பெயர் சின்னு. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் கம்பிவலைக் கூண்டு. அடிப்பக்கமும் கம்பிதான், புழுக்கை தானாகக் கீழே விழுந்துவிடும், கழுவுகிற வேலை மிச்சம். கேரட்டும் ரஸ்க்கும் போடுவோம். காதைப் பிடித்துத்தான் தூக்குவோம். மே மாதம் ஒரு நாள் எதையும் தொடாமல் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. மறுநாள் காலையில் சின்னு இல்லை. எங்களிடம் இருந்தது மொத்தம் ஏழு மாதம். "முயல்னா அப்படித்தான், சீக்கிரம் போயிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பிக்கொண்டே வளர்ந்துவிட்டேன்.

அதனால் அக்கா மகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கே ஒரு கேள்வி வந்தது. நாய் வீட்டுக்குள் இருக்கிறது, பூனை மடியில் இருக்கிறது. முயல் என்றதும் ஏன் முதலில் கூண்டு ஞாபகம் வருகிறது? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் முயல் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விலங்குகள் இருக்கின்றன. நம் காட்டிலும் கரம்பிலும் ஓடுவது பிடரியில் கறுப்பு முடி உள்ள காட்டுமுயல். அது வளை தோண்டாது. புல் மறைவில் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். சங்கப் பாட்டில் வேட்டை நாய் துரத்துகிற முயல் இதுதான். இதைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் விற்பது இன்னொன்று, குழிமுயல். கூட்டமாக வளை தோண்டி வாழும். குட்டி கண் திறக்காமல், முடியில்லாமல் பிறக்கும். இந்த இரண்டும் கலந்து குட்டி போடாது. சின்னுவின் முன்னோர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், தென்மேற்கு பிரான்ஸ் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்த விலங்கு மனிதர் எழுத்தில் வரும்போதே தொல்லையாகவும் தீனியாகவும்தான் வருகிறது. பலேரிக் தீவுகளில் முயல்கள் பெருகி விளைச்சலை அழித்ததால், அந்த மக்கள் பேரரசர் அகஸ்டஸிடம் படை உதவி கேட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். முயலை விரட்ட ராணுவம்! அதே பிளினி, ஸ்பெயினில் முயலின் பிறக்காத குட்டிகளையும் பிறந்த உடனேயே எடுத்த குட்டிகளையும் சுவையான உணவாகத் தின்றார்கள் என்றும் சொல்கிறார். ரோமானியப் பண்ணைகளில் முயல்களுக்கென்றே சுவர் எழுப்பிய தோட்டங்கள் இருந்ததை வார்ரோவின் வேளாண்மை நூலில் பார்க்கலாம். சுற்றிலும் சுவர், உள்ளே கறி. ஆனால் இடமாவது தாராளமாக இருந்தது.

இதற்கு அடுத்துப் பல புத்தகங்களில் ஒரு அழகான கதை வரும். கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி, முயல்குட்டிக் கறி மீனுக்குச் சமம், நோன்பு நாளிலும் சாப்பிடலாம் என்று அறிவித்தாராம். உடனே பிரான்ஸ் மடத்துத் துறவிகள் முயலை வளர்த்துப் பழக்கிவிட்டார்களாம். நானும் இதை எங்கேயோ படித்து நம்பியிருந்தேன். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரேகர் லார்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தக் கதையின் மூலத்தைத் தேடிப் போனார்கள். அப்படி ஒரு ஆணையே இல்லை. தூர் நகரத்து கிரிகோரி என்ற இன்னொருவர், நோன்புக் காலத்தில் முயல்குட்டி தின்ற ஒருவனைப் பற்றி எழுதியிருந்தது, போப்பின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த வினை. முயல் வீட்டு விலங்கானது ஒரே நாளில், ஒரே உத்தரவில் நடந்ததல்ல, பல நூற்றாண்டுகளாக மெல்ல நடந்தது என்பதுதான் அவர்கள் முடிவு.

இங்கிலாந்துக்கு முயல் பெருமளவில் வந்தது 12-ஆம் நூற்றாண்டில், நார்மன்களுக்குப் பிறகு. பிரபுக்களும் மடங்களும் முயலுக்கென்று நிலம் ஒதுக்கி, தோண்ட வசதியாக மண்மேடு போட்டுக் கொடுத்தார்கள். கறியும் தோலும் அவ்வளவு விலை. தெட்ஃபோர்டு என்ற ஊரில் முயல் காவல்காரனுக்காக 1400 வாக்கில் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது. கோட்டை மாதிரி தடித்த சுவர். முயல் திருடர்களுக்குப் பயந்து! பின்னாளில் விலை இறங்கி, முயல் ஏழையின் கொல்லைக்கு வந்தது. நிலம் இல்லாதவனுக்கு மண்மேடு ஏது? மரப்பெட்டி, முன்னால் கம்பிவலை. நாம் பார்க்கிற கூண்டின் குடும்பம் இதுதான்.

இங்கே ஒரு கணக்கு என்னை நிறுத்தியது. கறிக்கு வளர்க்கும் முயலைப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் வெட்டிவிடுவார்கள். கூண்டின் அளவும் கம்பித் தரையும் அந்த மூன்று மாத வாழ்க்கைக்குத் திட்டம் போட்டது. கால் புண்ணாவதற்குள், முதுகெலும்பு பலவீனமாவதற்குள் அதன் கதை முடிந்துவிடும். ஆனால் நன்றாகக் கவனித்தால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வாழும். மூன்று மாதத்துக்குச் செய்த பெட்டியில் பத்து வருட உயிரை வைத்துவிட்டு, "முயல்னா சீக்கிரம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேறு மாதிரி செய்தவர்கள் யாருமே இல்லையா? இருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர். 1773-ல் கடுமையான மனநோயில் விழுந்து, தற்கொலைக்கும் முயன்றவர். மறு வருடம் ஓல்னி என்ற சின்ன ஊரில் மீண்டு வந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் இளைத்துப்போன ஒரு குட்டியை வாங்கிக்கொண்டார். செய்தி பரவி ஊரே குட்டிகளைக் கொண்டுவர, மூன்றை வைத்துக்கொண்டார். புஸ், டைனி, பெஸ். பெண் பெயர் போலத் தெரிந்தாலும் மூன்றும் ஆண். (இவை காட்டுமுயல் வகை, குழிமுயல் இல்லை. குழிமுயலைவிடப் பழக்குவது கடினம்.)

அவர் செய்ததை 1784-ல் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். தானே தச்சு வேலை செய்து ஒவ்வொன்றுக்கும் தனித் தனியாக வீடு கட்டினார். கழிவு கீழே வைத்த மண்சட்டியில் விழும். சட்டியைத் தினமும் கழுவுவார்கள். ஆனால் அந்த வீடு படுக்க மட்டும்தான். பகலில் கூடத்தில் சுற்றும். மாலையில் வரவேற்பறைக் கம்பளத்தில் குதித்து விளையாடும். ஒருமுறை புஸ் மூன்று நாள் நோயில் கிடந்தது. கூப்பர் மற்ற இரண்டிடமிருந்து பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டார். குணமானதும் அவர் கையை விரல் விரலாக, ஒரு இடம் விடாமல் நக்கியதாம். பிறகு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் முழங்காலில் தட்டும்; அசையவில்லை என்றால் கோட்டைப் பல்லால் பிடித்து இழுக்கும். டைனியோ கடைசிவரை தொட விடவில்லை. அதற்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ரொட்டி கொடுத்தார், மணலும் கொடுத்தார். பெஸ் சீக்கிரமே இறந்தது; கழுவிய பெட்டி காய்வதற்குள் உள்ளே விட்டதுதான் காரணம் என்று அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். புஸ் 1786 மார்ச் 9 அன்று கிழப்பருவத்தில் இறந்தது. வயது பதினொரு வருடம், பதினொரு மாதம். அடுப்புக்கரி வெளிச்சத்தில், 18-ஆம் நூற்றாண்டில், ஒரு நோயாளியின் வீட்டில் அது பன்னிரண்டை நெருங்கியிருக்கிறது. மருந்துக்கடையும் மாட்டு டாக்டரும் கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டில் சின்னு ஒரு வயதைத் தாண்டவில்லை.

நூறு வருடம் கழித்து லண்டனில் பியாட்ரிக்ஸ் பாட்டர் வளர்த்த முயல் கணப்படுப்பு முன்னால் விரிப்பில் படுத்துக் கிடக்கும். அதன் பெயரில்தான் பீட்டர் ராபிட் கதை வந்தது. அந்தக் கதையில்கூட பீட்டரின் அப்பாவைத் தோட்டக்காரர் மனைவி பணியாரத்தில் வைத்துச் சமைத்துவிடுகிறாள்! முயல் செல்லமான பிறகும் சமையலறையின் நிழல் விடவில்லை. வீட்டுக்குள் பூனை மாதிரி முயலும் வாழலாம் என்று முழுப் புத்தகமாக மரினெல் ஹாரிமன் அமெரிக்காவில் எழுதியது 1985-ல். அடுத்து 1988-ல் கலிஃபோர்னியாவில் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால் நேற்று நடந்த மாதிரி.

நம்ம ஊரில் குழிமுயல் பற்றிய அறிவு பெரும்பாலும் பண்ணை வழியாக வந்தது. கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் முயலும் வளர்க்கிறது. கறிக்கு ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, ரோமத்துக்கு அங்கோரா. மலைக் குளிர் அதற்குத் தோது. அந்த அறிவில் தப்பே இல்லை, அதன் நோக்கம் வேறு. கூண்டு வைக்கும் முறையை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம், குளிரை விட்டுவிட்டோம்.

இவ்வளவும் படித்துவிட்டு அக்கா மகளுக்குப் போன் செய்தேன். "கூண்டு வேண்டாம்டா. அறையில ஒரு மூலை கொடு" என்றேன். சொன்னதைச் சுருக்கமாக இங்கேயும் வைக்கிறேன்.

வளையில் வாழ்ந்த விலங்கு அது. ஒளிய இடம் வேண்டும். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி போதும். வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்கும், பழைய பாயோ ஜமுக்காளமோ விரிக்கணும். காட்டிலும் அது ஒரே இடத்தில்தான் கழிக்கும், அதனால் மூலையில் ஒரு தட்டில் காகிதமும் காய்ந்த புல்லும் போட்டால் பழகிவிடும். பல் வாழ்நாள் முழுக்க வளரும். தேய்வதற்குப் புல்தான் வழி. வைக்கோலில் சத்து குறைவு. காயவைத்த புல், அறுகம்புல், கொஞ்சம் கீரை. கேரட் ஒரு வில்லை, மிட்டாய் மாதிரி. கூப்பரே பச்சை கிடைக்காத குளிர்காலத்தில்தான் கேரட் துருவல் சேர்த்தார். ஒயரைக் கடிக்கும், எல்லாவற்றையும் மறைக்கணும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்குவது அதற்குப் பருந்து கவ்வுவது மாதிரி. தரையில் உட்கார்ந்தால் தானே வரும். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு இறங்கும். 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. மொட்டை மாடியும் பால்கனியும் நம்ம வெயிலுக்கு ஆகாது. முக்கியமாக, அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டர். நாளைக்கு இல்லை.

கடைசி வரியைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிட்டது போல. "சித்தி, நீங்க முயல் வளர்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். சின்னு கதையை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மே மாசம் எங்க ரூம்ல ஏசி இல்ல சித்தி. அப்பாகிட்ட கேட்டுட்டு, அது முடிஞ்சாத்தான் வாங்கிப்பேன்" என்றாள்.

அங்கிள் முயல்குட்டியை இன்னும் வைத்திருக்கிறார். வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. முடிவு எதுவானாலும் சரி, கூண்டின் சைஸை அவள் மறுபடி கேட்கவில்லை.