பன்முகப் பயன் சரக்குக் கலம்

பன்முகப் பயன் சரக்குக் கலம் என்பது சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பொருட்களைக் கொண்டுபோய் இறக்கி, திருப்பி அனுப்பவேண்டியவற்றைப் பூமிக்கு ஏற்றிவந்து, மறுபடியும் பறக்கக்கூடிய உருளை வடிவக் கலம். நாசாவுக்காக இத்தாலிய விண்வெளி முகமை இத்தகைய மூன்று கலங்களை அளித்தது. கைம்மாறாக நிலையத்தில் இத்தாலிக்கு ஆய்வு நேரம் கிடைத்தது. டூரின் நகரில் அலெனியா நிறுவனம் கட்டிய இவற்றுக்கு லியொனார்டோ, ரஃபயெல்லோ, டொனாடெல்லோ என்று கலைஞர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

அமைப்பு

நீளம் ஏறத்தாழ 6.4 மீற்றர், விட்டம் 4.6 மீற்றர். வெறுங்கலம் 4 தொன் எடையுள்ளது. சுமார் 9 தொன் சரக்கு ஏற்றலாம். உள்ளே 16 பெரிய அடுக்குப்பெட்டிகள் பொருந்தும். அவற்றுள் ஐந்துக்கு மின்சாரம் கொடுத்து, குளிரூட்டிகளையும் இயக்கலாம்.

இயக்கம்

கலத்துக்குச் சொந்த இயந்திரம் கிடையாது. விண்ணோடத்தின் வயிற்றில் ஏறிச்செல்லும் கலத்தை இயந்திரக்கை தூக்கி நிலையத்தின் வாயிலில் பொருத்தும். 16 திருகாணிகள் அதை இறுக்கும். உள்ளே காற்று இருப்பதால் வீரர்கள் விண்ணுடை இல்லாமலே நுழைந்து வேலை செய்வார்கள். எடை தெரியாத அங்கே, குளிர்சாதனப் பெட்டி அளவான அடுக்கை ஒருவரே நகர்த்தலாம். ஆனால் திணிவு குறைவதில்லை. வேகமாகத் தள்ளினால் நிறுத்துவது கடினம்.

இறக்கி முடிந்ததும் ஆய்வு மாதிரிகள், பழுதான கருவிகள், கழிவுகள் ஆகியவை ஏறும். வவுனியாவில் சாமான் ஏற்றிக் கிளிநொச்சிக்குப் போன லொறி, நெல் மூட்டையோடு திரும்பினால்தான் கூலி கட்டுபடியாகும். இக்கலத்தின் பெருமையும் அந்தத் திரும்பும் சுமையில்தான் இருந்தது. பழுதான கருவி கைக்கு வந்தால்தான் பழுதின் காரணத்தைக் கண்டறிய முடியும்.

பயணங்கள்

லியொனார்டோ 2001 மார்ச்சில் டிஸ்கவரி விண்ணோடத்திலும், ரஃபயெல்லோ அடுத்த மாதம் எண்டெவரிலும் முதன்முறை பறந்தன. 2003 பெப்ரவரியில் கல்பனா சாவ்லா உட்பட எழுவரைப் பலிகொண்ட கொலம்பியா விண்ணோட விபத்தால் விண்ணோடங்கள் நின்றன. ரஃபயெல்லோ 2005 யூலையிலேயே மீண்டும் சென்றது. 2008 நவம்பரில் லியொனார்டோ சிறுநீரைக் குடிநீராக்கும் கருவிகளையும் கூடுதல் படுக்கை அறைகளையும் கொண்டுசென்றது. அதன் பயனாக 2009இல் நிலையத்தில் ஆறு பேர் தங்கத் தொடங்கினர். லியொனார்டோ ஏழு தடவையும் ரஃபயெல்லோ நான்கு தடவையும் போய்வந்தன. டொனாடெல்லோ பறக்கவேயில்லை.

பின்னர்

2011 மார்ச்சில் லியொனார்டோ நிலையத்தின் நிரந்தரக் களஞ்சிய அறையாகப் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு யூலையில் ரஃபயெல்லோ கடைசி விண்ணோடப் பயணத்தில் போய்வந்தது. புரோகிரஸ், சிக்னஸ் போன்ற சரக்குக் கலங்கள் இறங்கும்போது எரிந்துபோகின்றன. 2012இல் டிராகன் சரக்குக் கலம் வந்த பிறகே பெருமளவு சரக்கு மீண்டும் பூமிக்குத் திரும்பத் தொடங்கியது.