ஹார்மோன் ஈடுசெய் மருத்துவம்

உடல் போதிய அளவு சுரக்காத பாலின ஹார்மோனை மாத்திரை, ஜெல், ஊசி என ஏதாவது ஒரு வடிவில் வெளியிலிருந்து கொடுக்கும் சிகிச்சை. மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும், டெஸ்டோஸ்டிரோன் குறைவு உறுதியான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் தரப்படுகின்றன. இரண்டையும் ஒரே தலைப்பில் பேசுவது வழக்கமாகிவிட்டாலும் இரண்டும் ஒரே கதை ஆகாது. மாதவிடாய் நிற்பது எல்லாப் பெண்களுக்கும் நடப்பது. சில ஆண்டுகளுக்குள் சினைப்பை ஏறக்குறைய முழுவதுமாக ஓய்ந்துவிடும். ஆணுக்கு அப்படி ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. நடுவயதுக்குப் பின் டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என மெதுவாகக் குறையும். பெரும்பாலோருக்கு அந்த அளவே கடைசிவரை போதும். தேவையுள்ள பெண்ணுக்கு மருந்து எட்டாமலும் தேவையில்லாத ஆணுக்கு ஊசி எளிதில் கிடைத்தும் வருவது இத்துறையின் பெரிய கோளாறு.

மாதவிடாய் நிற்றல்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கொள்வர். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாடுகளில் 51. 45 வயதைத் தாண்டியவருக்கு இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை தேவையில்லை, வயதும் அறிகுறியும் போதும். 40 வயதுக்கு முன்பே நின்றால் அது இயல்பன்று. காரணம் தேட வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள வெப்பக் கட்டுப்பாடு கூர்மையாகிவிடுகிறது. உடல் வெப்பம் சிறிதே ஏறினாலும் வியர்வையும் தோலின் ரத்த ஓட்டமும் முடுக்கிவிடப்படுகின்றன. நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறுவதும், உடம்பு காந்துவதும், நடு இரவில் ரவிக்கை நனைய விழித்துக்கொள்வதும் இதன் விளைவே. தூக்கம் கெடும், சிடுசிடுப்பு வரும். பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது வலியும் அடிக்கடி நீர்க்கடுப்பும் உண்டாகும். வெளியே தெரியாமல் எலும்பு கரைவது எல்லாவற்றிலும் பெரிது. முதல் சில ஆண்டுகளில் அந்த இழப்பு வேகமாக இருக்கும்.

கடலூர் மாவட்டத்தின் மேற்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள வேப்பூரையும் அதற்குக் கிழக்கே பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தையும் எடுத்துக்கொண்டால், இந்த வயதுப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேயும் உழைப்பவர்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் காடுகளில் களை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்யும் பீங்கான் பட்டறைகளில் அச்சு வார்ப்பவர்களும் வண்ணம் பூசுபவர்களும் இருக்கிறார்கள். சித்திரை வெயிலிலோ சூளைப் பக்கத்திலோ நிற்கிறவருக்கு உள்ளிருந்து எழும் சூட்டைத் தனியாகப் பிரித்தறிவது கடினம். வெயில் என்றும் பித்தம் என்றும் சொல்லி மோர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். மருத்துவரிடம் போனாலும் மூட்டுவலி, அசதி, தூக்கமின்மை என்று தனித்தனியாகச் சொல்லி, தனித்தனியாக மாத்திரை வாங்கி வருவதே மிகுதி.

இடுப்புக்கு வலு தரும் என்று உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுப்பது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். உளுந்து நல்ல புரத உணவு. எலும்புக்கும் தசைக்கும் புரதம் வேண்டும் என்பதால் அந்த வழக்கத்தில் பிழையில்லை. இழந்த ஈஸ்ட்ரோஜனை மட்டும் அது ஈடுசெய்யாது.

கர்ப்பப்பை எடுத்தவர்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பெரும்பாடு, நார்க்கட்டி, ஓயாத வெள்ளைப்படுதல் என ஏதேதோ காரணங்களுக்காக நாற்பது வயதுக்குள் ‘பை எடுத்துவிட்ட’ பெண்கள் தமிழகக் கிராமங்களில் அரிதானவர்கள் அல்லர். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 3 சதவீதத்தினருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது; ஆந்திரமும் தெலங்கானாவும் நாட்டிலேயே முன்னணியில் இருந்தன. பெரும்பாலான அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைத்தால் மாதவிடாய் வராது, ஆனால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். அவையும் வழக்கத்தைவிடச் சில ஆண்டுகள் முன்னதாக ஓய்ந்துபோகலாம். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் நிலைமை வேறு: இயற்கையில் பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய இறக்கம் சில நாட்களில் முடிந்துவிடும். முப்பத்தைந்து வயதில் இது நேர்ந்தால் அந்தப் பெண் பத்தாண்டுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வாழ்கிறார். எலும்பு முறிவு, இதயநோய் ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. தடை ஏதும் இல்லையென்றால் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. கர்ப்பப்பை இல்லாததால் இவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். ஹார்மோன் சிகிச்சையால் மிகத் தெளிவாகப் பயன்பெறக்கூடியவர்கள் இவர்கள்தாம். தையல் பிரித்த நாளோடு சிகிச்சை முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களும் இவர்களே.

அச்சம் வந்த வழி

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோன் 1929-இல் பிரித்தெடுக்கப்பட்டது. சினையுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து தயாரித்த பிரிமரின் மாத்திரை 1942-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், என்றும் இளமை என்ற ஆசையைக் காட்டி எழுதிய நூல் பரபரப்பாக விற்றது. 1975-இல் முதல் அடி விழுந்தது: கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பலமடங்கு கூடும் என்று தெரிந்தது. கூடவே புரோஜெஸ்டிரோன் சேர்ப்பது அதன்பின் கட்டாயமாயிற்று.

இரண்டாம் அடி 2002 ஜூலையில். ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அமெரிக்க ஆய்வில் 16,608 பெண்கள் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த கூட்டு மருந்தையோ போலி மாத்திரையையோ எடுத்துவந்தனர். சராசரியாக 5.2 ஆண்டுகளில் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்தை 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்று 8, பக்கவாதம் 8, நுரையீரல் ரத்தக்கட்டி 8, மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்பு 7 எனக் கூடுதலாகவும், இடுப்பெலும்பு முறிவு 5, பெருங்குடல் புற்று 6 எனக் குறைவாகவும் இருந்தன. நாளிதழ்த் தலைப்புகளில் இந்தச் சிறிய எண்கள் சதவீத உயர்வாக மாறிப் பெரிதாயின. கூடுதல் ஆபத்து பொய்யன்று. ஆனால் ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆனவர்களே பெரும்பாலோர். 47 வயதில் குப்பென்று ஏறும் சூட்டால் தவிப்பவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தியது பிழை. கர்ப்பப்பை அகற்றிய 10,739 பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டுமோ போலி மாத்திரையையோ எடுத்த தனிப் பிரிவில், ஈஸ்ட்ரோஜனால் மார்பகப் புற்று கூடவில்லை என்று பின்னர் வெளியானதும் அந்தப் பரபரப்பில் காதில் விழவில்லை.

60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் உள்ள, தொல்லை மிகுந்த பெண்ணுக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய நிலைப்பாடு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் உறையில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை நீக்கும் நடவடிக்கையை 2025 நவம்பரில் அறிவித்தது. இளமையைக் காக்கவோ இதயநோயைத் தடுக்கவோ இதைச் சாப்பிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

கொடுக்கும் முறை

ஈஸ்ட்ராடியோல் வேலரேட் 1 அல்லது 2 மில்லிகிராம் மாத்திரை வழக்கத்தில் உள்ளது. தோலில் தடவும் ஜெல் கல்லீரலைக் கடக்காமல் நேரே ரத்தத்தில் கலப்பதால் ரத்தக்கட்டி ஆபத்து குறைவு. உடல் பருமனோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு அதுவே ஏற்றது. கர்ப்பப்பை உள்ளவர்கள் நுண்துகள் புரோஜெஸ்டிரோனைத் தினமும் 100 மில்லிகிராம், அல்லது மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். வறட்சியும் நீர்க்கடுப்பும் மட்டுமே தொல்லை என்றால் பிறப்புறுப்பில் இடும் எஸ்ட்ரியால் களிம்பு போதும். அது ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும்; மலிவும் பயனும் உள்ள இந்தச் சிகிச்சை கூச்சத்தால் கேட்கப்படாமலே போகிறது.

மார்பகப் புற்று, பக்கவாதம், மாரடைப்பு, கால் ரத்தக்குழாயில் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டி, தீவிரக் கல்லீரல் நோய் ஆகியவை இருந்தவருக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவருக்கும் மாத்திரையோ ஜெல்லோ தரப்படுவதில்லை. தொடங்குமுன் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகப் பரிசோதனை வேண்டும். இவற்றை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். மாதவிடாய் பற்றி ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆண்களும் டெஸ்டோஸ்டிரோனும்

1889-இல் பிரவுன்–செக்கார்ட் என்ற 72 வயது உடலியல் அறிஞர், விலங்குகளின் விரைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அவர் போட்டுக்கொண்டதில் ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததும் செயற்கையாகத் தயாரித்ததும் 1935-இல்தான்.

உண்மையான குறைவு உண்டு. கிளைன்ஃபெல்டர் என்னும் பிறவிக் குரோமோசோம் மாறுபாடு, பொன்னுக்கு வீங்கி விரையைத் தாக்கியது, விரையில் அடி, மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி ஆகியவை காரணமாகலாம். தாடி அடர்த்தி குறைதல், ஆசை அறவே போதல், விடியற்கால விறைப்பு நின்றுபோதல், ரத்தசோகை, எலும்பு மெலிதல் ஆகியவை அடையாளங்கள். காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இருமுறை எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் குறைவாக இருந்து, அறிகுறிகளும் பொருந்தினால்தான் சிகிச்சை. 40 முதல் 79 வயது வரையுள்ள ஐரோப்பிய ஆண்களை ஆராய்ந்தபோது இரண்டும் பொருந்தியவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தொப்பையும் சர்க்கரை நோயும் டெஸ்டோஸ்டிரோனைக் கீழே இழுக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளர் 14.4 சதவீதம் என்பதால் இங்கே இது சின்ன விஷயமில்லை. இவர்களில் பலருக்கு எடை குறைந்தாலே அளவு ஏறிவிடும். விறைப்புக் குறைபாடோ பெரும்பாலும் ரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பு. அதைச் சோதிக்காமல் ‘ஆண்மைக்குறைவு’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சுவரொட்டி ஒட்டி, மாதத்தில் ஒருநாள் பேருந்து நிலைய விடுதியில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களிடம் பணம் கரைகிறது. பாலுறவுத் திறன் கூட்டும் மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சுவர்களுக்கு அது தெரியாது.

உடற்பயிற்சிக் கூடங்களில் மார்பு அகலத்துக்காக ஊசி போடும் இளைஞர்கள் ஒன்றை அறிய வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி முடங்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்கு விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது. நிறுத்திய பின் மீண்டுவர மாதக்கணக்கில் ஆகும். குழந்தை வேண்டுபவருக்கு இந்த ஊசி கூடாது; அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு.

முறையாகத் தொடங்குபவருக்கு ஊசியும் ஜெல்லும் உள்ளன. 1,000 மில்லிகிராம் அண்டெகனோயேட் ஊசியை 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். 5,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ‘டிராவர்ஸ்’ ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. சீரற்ற இதயத் துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டியும் சற்றே கூடின. எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: அதுவும் கூடியது.

யாரைப் பார்ப்பது

வேப்பூர்ப் பக்கத்தவர்கள் முதலில் விருத்தாசலம் அரசு மருத்துவமனையின் மகப்பேறு–மகளிர் பிரிவை அணுகலாம். சிக்கலான நிலைகளுக்கும் ஆண்களின் ஹார்மோன் குறைவுக்கும் புதுச்சேரி ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பியியல் துறை இருக்கிறது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், மருந்து எடுக்கிறவரும் எடுக்காதவரும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட பெண்கள் மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து, சினைப்பைகள் இருக்கின்றனவா, எடுத்துவிட்டார்களா என்று அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் சிகிச்சையை முடிவுசெய்ய அந்த ஒரு விவரம் தேவைப்படும்.