கல்லால் வேய்ந்த கடைத்தெரு

செங்கோட்டை என்றவுடன் தென்காசிக்கு மேற்கேயுள்ள ஊரை நினைப்பது நம்மவர் இயல்பு. இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கோ அவ்வூரின் இரயில் நிலையமே முதலில் மனத்தில் தோன்றும். யான் இங்கு எழுதப் புகுவது டில்லிச் செங்கோட்டையைப் பற்றி. அதிலும் அரசர் வீற்றிருந்த மண்டபங்களைப் பற்றியன்று, அவற்றிற்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு கடைத்தெருவைப் பற்றி.

சென்ற கோடையில் ஊரிலிருந்து வந்த என் தாய்மாமனைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். லாகூர் வாயிலைக் கடந்ததும் வெயிலின் கொடுமை சட்டென்று தணிந்தது. மாமா அண்ணாந்து நோக்கினார். “வெயிலுக்கு நாம் ஓலையால் பந்தல் போடுவோம், இவர்கள் கல்லாலேயே போட்டிருக்கிறார்களே, மாப்பிள்ளை! யார் போட்டது?” என்று வினவினார். இருபது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமுற்றேன். பின்னர்த் தேடிப் படித்து அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

ஷாஜகான் மன்னர் 1639இல் இக்கோட்டைக்கு அடிக்கல் நாட்டுவித்தார். 1648இல் கோட்டை நிறைவுற்றது. அதனையொட்டி மதில் சூழ எழுந்த நகரமே ஷாஜகானாபாத். இன்று நாம் பழைய டில்லி என்பது அதனையே. பணி நடந்துகொண்டிருந்த 1646ஆம் ஆண்டில் மன்னர் பெஷாவரில் கூரையிட்ட கடைத்தெரு ஒன்றைக் கண்டு வியந்தாரென்றும், அதுபோன்றதொன்றைத் தம் கோட்டையிலும் அமைக்குமாறு பணியை மேற்பார்த்த முகர்ரமத் கானைப் பணித்தாரென்றும் கூறுவர். அவ்வாறு எழுந்ததே சத்தா சௌக். கூரையிட்ட கடைத்தெரு என்னும் பொருள்பட அக்காலத்தார் இதனைப் பாரசீக மொழியில் வழங்கினர்.

இதன் நீளம் ஏறத்தாழ 230 அடி. இருமருங்கும் வளைவுகளையுடைய கடைகள். மேலே வளைந்த கூரை. காற்றும் ஒளியும் புகுமாறு நடுவே எண்கோணமாக ஒரு முற்றம் வானம் பார்க்கத் திறந்துள்ளது. பட்டும் சரிகையும் பொன்னும் மணியும் அரண்மனையார்க்கு இங்கு விற்கப்பட்டன.

பெஷாவர்க் கடைத்தெருவை அமைத்தவர் அலி மர்தான் கான் என்பர். அவர் பாரசீக மன்னரின் பணியில் காந்தகாரை ஆண்டவர். 1638இல் அந்நகரை ஷாஜகானிடம் ஒப்படைத்து முகலாயர் பணியில் சேர்ந்தவர். இஸ்பகான் முதலிய பாரசீக நகரங்களில் கூரையிட்ட கடைத்தெரு வழக்கமானது, இந்நாட்டிலோ அரிது. ஆகவே, மாமா வினவிய கல் பந்தல் பிழைக்க வந்த ஒருவர் தம் நாட்டிலிருந்து கொணர்ந்த எண்ணத்தின் விளைவு எனலாம்.

வந்தவர் எல்லாரும் நிழல் கொணரவில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் கோட்டைக்குள்ளிருந்த கட்டடங்களிற் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிப் பட்டாளத்தார்க்கு விடுதி அமைத்தனர். கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே செழித்திருந்த காஸ் பஜார் தரைமட்டமாயிற்று. அடுத்து வந்தது நமது இருப்புப்பாதை. செங்கோட்டையை அடுத்துள்ள சலீம்கட் கோட்டையை ஊடறுத்துக்கொண்டு அது 1867இல் மதில் சூழ்ந்த நகருக்குள் புகுந்தது. நம்மிற் பலரை இவ்வூருக்குக் கொணர்ந்ததும் அதுவே, எனக்குச் சோறிடுவதும் அதுவே. எனினும் அதன் வழி எதன்மீது இடப்பட்டது என்பதை அறிந்தபின், காலையில் அலுவலகம் செல்கையில் முன்போல் வாளா செல்ல இயலவில்லை.

இத்தனைக்கும் தப்பிச் சத்தா சௌக் நிற்கின்றது. 2003இல் இராணுவம் கோட்டையைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தது. 2007இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகக் கோட்டை சேர்க்கப்பட்டது. அண்மைக் காலத்தில் கூரையின் மேற்பூச்சை அகற்றியபோது அடியில் மறைந்திருந்த பழைய வண்ண ஓவியங்கள் வெளிப்பட்டன. கடைகளில் இன்று பட்டும் பொன்னும் குவிந்திருக்கவில்லை. வளையலும் பையும் பொம்மையும் விற்கின்றன. ஆயினும் பேரம் பேசும் ஒலி ஓயவில்லை.

ஊருக்குப் புறப்படுமுன் மாமா, “இருபது வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறாயே, மாப்பிள்ளை, இந்த ஊருக்கு நீ என்ன செய்தாய்?” என்றார். அவர் விளையாட்டாகவே கேட்டார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்குத் திரும்புவோம் என்ற எண்ணத்திலேயே காலம் கழித்தவன் யான். அடுத்த தெருவின் வரலாற்றையும் கேட்டறியாதவன். அன்பர் சிலரும் என் போன்றோராயிருத்தல் கூடும். நிழல் தர இயலாவிடினும், நின்ற இடத்தின் நிழல் யார் தந்தது என்றறிதலேனும் நம் கடமையன்றோ?

அடுத்த ஞாயிறன்று என் மகளை அங்கு அழைத்துச் சென்று கூரையைக் காட்டினேன். அவள் இவ்வூரிற் பிறந்தவள். “நம் ஊரில் இப்படி ஒன்று இருப்பதை ஏனப்பா இத்தனை நாள் காட்டவில்லை?” என்றாள். நம் ஊர் என்று அவள் சொன்னது டில்லியை.