திரும்பி வராமல் இருந்திருந்தால்... (லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை)

விளையாட்டில் ஓய்வு பெற்றுவிட்டு மறுபடி களத்துக்கு வந்தவர்கள் ஏராளம். சிலர் ஜெயித்தார்கள். பலர் பழைய பெயரைக் கொஞ்சம் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் திரும்பி வந்த காரணத்தாலேயே, அதற்கு முன்னால் ஜெயித்தது அத்தனையையும் இழந்தவர் என்று பார்த்தால் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்.

இவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, "கேன்சரையே ஜெயித்தவர்". இன்னொன்று, "ஊக்கமருந்து போட்டு ஏமாற்றியவர்". வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட காலம்தான் 2008 முதல் 2012 வரையிலான நான்கு வருடங்கள். அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் பந்தயம்

டூர் டி பிரான்ஸ் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக: மூன்று வாரம், 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் ஜெர்சி. தனி ஆள் ஜெயிப்பதுபோல் தெரிந்தாலும் இது டீம் விளையாட்டு. தலைவருக்குக் காற்று படாமல் முன்னால் ஓட்டுவது, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பது, தேவைப்பட்டால் தன் சைக்கிளையே கழற்றிக் கொடுப்பது என்று கூட இருப்பவர்கள் உழைப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆர்ம்ஸ்ட்ராங்கை வீழ்த்தியதும் இந்தக் கூட இருந்தவர்கள்தான்.

1971ல் டெக்சாஸில் பிறந்த ஆர்ம்ஸ்ட்ராங், 1993ல் தன் 21வது வயதில் உலக சாம்பியன் ஆனார். 1996 அக்டோபரில் விதைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் வயிறு, நுரையீரல், மூளை வரை பரவிவிட்டது. இண்டியானா பல்கலைக்கழக மருத்துவமனையில் மூளையில் அறுவை சிகிச்சை, பிறகு கீமோதெரபி. இந்த வகைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் கலந்த சிகிச்சையை 1970களில் உருவாக்கிய டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் வேலை பார்த்த இடம் அது. சைக்கிள்காரருக்கு நுரையீரல் முக்கியம் என்பதால், அதைப் பாதிக்கக்கூடிய மருந்துக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்தார்கள். பிழைத்தார். 1999ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். பிறகு 2005 வரை வரிசையாக மொத்தம் ஏழு தடவை! அதுவரை ஐந்துக்கு மேல் ஜெயித்தவர் எவரும் இல்லை. மெர்க்ஸ், இனோ, ஆங்கெட்டில், இந்துராயின் எல்லோருமே ஐந்தோடு நின்றவர்கள்.

2004ல் வந்த லிவ்ஸ்ட்ராங் மஞ்சள் ரப்பர் வளையம் ஞாபகம் இருக்கிறதா? விலை ஒரு டாலர். சுமார் 8 கோடி விற்றது. அவர் ஆரம்பித்த புற்றுநோய் அறக்கட்டளை திரட்டிய பணம் காலப்போக்கில் ஏறத்தாழ 50 கோடி டாலரைத் தொட்டது.

ரெண்டு பட்ட ஊர்

ஆனால் சந்தேகமும் முதல் வருடத்திலிருந்தே கூடவே வந்தது. 1998 டூரில் ஃபெஸ்டினா டீமின் காரில் மருந்துகள் பிடிபட்டு, அந்தப் பந்தயமே நாறிப் போயிருந்தது. அதற்கு அடுத்த வருடம்தான் ஆர்ம்ஸ்ட்ராங் ஜெயிக்கிறார். அந்த 1999 டூரிலேயே அவர் சோதனையில் கார்ட்டிசோன் வகை மருந்து தென்பட்டது. சைக்கிள் இருக்கையால் வந்த புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று ஒரு மருத்துவச் சீட்டு காட்டினார்கள். அந்தச் சீட்டு முன்தேதியிட்டு எழுதப்பட்டது என்று டீமில் மசாஜ் வேலை பார்த்த எம்மா ஓ'ரெய்லி பிற்பாடு சொன்னார்.

அப்போது வீரர்கள் போட்டுக்கொண்ட முக்கியமான சரக்கு ஈ.பி.ஓ. இது சிவப்பணுக்களைக் கூட்டும் ஹார்மோன். சிவப்பணு கூடினால் தசைக்கு அதிக ஆக்ஸிஜன். 2000 வரை இதைக் கண்டுபிடிக்கச் சரியான சோதனையே கிடையாது. சோதனை வந்ததும் வீரர்கள் வேறு வழிக்குப் போனார்கள். சொந்த ரத்தத்தை முன்கூட்டியே எடுத்துக் குளிரில் வைத்து, பந்தயத்தின் நடுவில் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள்.

சந்தேகத்தை வெளியில் சொன்னவர்கள் பட்ட பாடு தனிக் கதை. 1999ல் பந்தயத்தில் ஊக்கமருந்து இருக்கிறது என்று எழுதிய பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பாசோனிடம், பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே நீ வீட்டுக்குப் போ என்றார் ஆர்ம்ஸ்ட்ராங். டூரை மூன்று தடவை ஜெயித்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் கேள்வி கேட்டதற்காக ஓரங்கட்டப்பட்டார். கூட ஓட்டிய வீரரின் மனைவி பெட்ஸி ஆண்ட்ரூ, 1996ல் ஆஸ்பத்திரி அறையில் டாக்டர்களிடம் ஆர்ம்ஸ்ட்ராங் மருந்து போட்டதை ஒப்புக்கொண்டதைத் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். பொறாமைக்காரி என்ற பட்டம் கிடைத்தது. எம்மா மீது வழக்கு, கூடவே கேவலமான பேச்சு. பத்திரிகையாளர் டேவிட் வால்ஷ் எழுதிய விஷயத்துக்காக சண்டே டைம்ஸ் 2006ல் 3 லட்சம் பவுண்டு கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

ஒரு பக்கம் புற்றுநோயாளிகளுக்கு நம்பிக்கை. இன்னொரு பக்கம் உண்மை பேசியவர்களின் வாழ்க்கை. பொதுமக்கள் இதில் ஏதாவது ஒரு பக்கத்தைத்தான் பார்த்தார்கள். அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு அவர் ஹீரோ. பிரான்ஸில் பலருக்கு அவர் பிடிபடாத திருடன். 2005 ஆகஸ்ட்டில், அவர் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, 1999ல் எடுத்துப் பத்திரப்படுத்திய சாம்பிள்களில் ஈ.பி.ஓ. இருந்தது என்று லெக்கிப் பத்திரிகை எழுதியது. ஆனாலும் அது ஆராய்ச்சிக்காகச் செய்த சோதனை என்பதால் தண்டிக்க வழியில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் தப்பித்தார்.

இதோடு நின்றிருந்தால்? ஏழு பட்டமும் கையில். சந்தேகம் சந்தேகமாகவே இருந்திருக்கும்.

37 வயதில் மறுபடியும்

2008 செப்டம்பர் 9 அன்று திரும்பி வருவதாக அறிவித்தார். புற்றுநோய் விழிப்புணர்வை உலகம் முழுக்கக் கொண்டுபோவதற்காக என்பது சொன்ன காரணம். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. அதேசமயம், சந்தேகப்பட்டவர்களின் வாயை ஒரேயடியாக அடைக்கும் ஆசையும் இருந்திருக்க வேண்டும்.

ஜெயிக்க வாய்ப்பு இருந்ததா? கணக்குப் பார்த்தால் ரொம்பக் குறைவு. டூர் வரலாற்றிலேயே அதிக வயதில் ஜெயித்தவர் பெல்ஜியத்தின் ஃபிர்மின் லாம்போ. 1922ல், 36 வயதில். 2009 டூரின்போது ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 37 முடிந்து 38 நெருங்கிக்கொண்டிருந்தது. இனோ 32 வயதிலேயே ஓய்வு பெற்றவர். மெர்க்ஸ் 1977ல் தன் கடைசி டூரில் ஆறாவதாகத்தான் வந்தார். ஒரே ஆறுதல் பிரான்ஸின் புலிடோர். 1976ல் 40 வயதில் மூன்றாவது இடம் பிடித்தவர். அதாவது வயதான காலத்தில் மேடை ஏறலாம், உச்சியில் நிற்பதுதான் கஷ்டம்.

போதாக்குறைக்கு அவர் சேர்ந்த அஸ்தானா டீமில் ஏற்கெனவே ஒரு தலைவர் இருந்தார். ஸ்பெயினின் ஆல்பர்ட்டோ கொண்டாடோர், 2007 சாம்பியன், வயது 26. ஒரு உறையில் இரண்டு கத்தி! மார்ச்சில் ஸ்பெயினில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. மே மாதம் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் 12வது இடம். ஜூலையில் டூர்.

நாலாவது கட்டத்தில், மோன்பெல்லியேயில், மஞ்சள் ஜெர்சியை வெறும் 0.22 வினாடியில் தவறவிட்டார். அந்தக் கட்டம் வரை பார்த்தவர்கள் எட்டாவது பட்டம் நிச்சயம் என்றுகூட நினைத்திருப்பார்கள். பிறகு மலை வந்தது. ஆர்க்காலிஸில் கொண்டாடோர் சொந்த டீம் தலைவரை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தார். வெர்பியேயில் மறுபடியும் பாய்ந்தார். இளமைக்கு முன்னால் பெயரும் புகழும் எடுபடவில்லை. கடைசியில் கொண்டாடோர் முதலிடம், ஆண்டி ஷ்லெக் இரண்டாமிடம், 5 நிமிடம் 24 வினாடி பின்னால் ஆர்ம்ஸ்ட்ராங் மூன்றாமிடம்.

அந்த டூரில் புற்றுநோயாளிகளுக்கான வாசகங்களைச் சாலையில் மஞ்சள் நிறத்தில் எழுதிக்கொண்டே போகும் ஒரு இயந்திரத்தை நைக்கி கம்பெனி ஓடவிட்டது. நினைத்துப் பாருங்கள்: யாரோ ஒரு நோயாளியின் பெயர் எழுதிய சாலையில்தான் அவர் ஓட்டினார். அவருடைய ரத்தத்தில் என்ன இருந்தது என்ற கேள்வியும் அதே சாலையில்தான் ஓடியது.

பிடிபட்டது எப்படி?

இந்த இடம்தான் முக்கியம். அவர் ஓய்வில் இருந்த மூன்று வருடத்தில் விளையாட்டு மாறிவிட்டது. 2008ல் 'பயாலஜிகல் பாஸ்போர்ட்' வந்தது. மருந்தைத் தேடுவதற்குப் பதில், வீரரின் ரத்த அளவுகளை மாதக் கணக்கில் பதிவு செய்து, இயற்கைக்கு மாறான ஏற்ற இறக்கத்தைத் தேடும் முறை. மூன்று வாரம் கடுமையாக ஓட்டினால் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அடர்த்தி இறங்க வேண்டும். 2009 ஜிரோவில் அவருக்கு இறங்கியது. டூரில் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. 2009, 2010 டூர் சமயத்தின் அளவுகள் இயற்கையாக வர வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று பிற்பாடு அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு சொன்னது.

அடுத்தது ஃபிளாய்ட் லாண்டிஸ். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய டீம் ஆள். 2006 டூரை ஜெயித்து, டெஸ்டோஸ்டிரோன் பிடிபட்டுப் பட்டத்தை இழந்தவர். தடை முடிந்து வந்தவருக்குப் பெரிய டீம்களின் கதவு திறக்கவில்லை. தலைவரோ மறுபடியும் புகழ் வெளிச்சத்தில் நிற்கிறார். 2010 மே மாதம் லாண்டிஸ் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அந்த வருட டூரில் ஆர்ம்ஸ்ட்ராங் 23வது இடம்.

அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். 2011ல் டைலர் ஹாமில்டன். ஏழு வெற்றியிலும் கூடவே ஓட்டிய ஒரே ஆளான ஜார்ஜ் ஹின்காபியும் சாட்சி சொன்னார். 2012 ஆகஸ்ட் 24 அன்று வாழ்நாள் தடை. அக்டோபர் 10 அன்று வெளியான ஆதாரங்கள் ஆயிரம் பக்கத்துக்கு மேல், 26 சாட்சிகள், அதில் 11 பேர் பழைய டீம் ஆட்கள். ஏழு பட்டங்களும் போயின. 1998 ஆகஸ்ட்டுக்குப் பிறகான எல்லா முடிவுகளும் நீக்கப்பட்டன. 2009ன் மூன்றாமிடம் உட்பட! 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் ஏழு தடவையும் மருந்து போட்டதை ஒப்புக்கொண்டார். 2009, 2010ல் மட்டும் போடவில்லை என்றார். திரும்பி வந்திருக்காவிட்டால் இந்த நாற்காலியில் உட்கார வேண்டி வந்திருக்காது என்ற அர்த்தத்தில் அவரே சொன்னார். 2018ல் அமெரிக்க அரசோடு நடந்த வழக்கை 50 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்.

எல்லோரும்தானே?

அவருக்காக வாதாடுபவர்கள் சொல்வது இது. அன்று எல்லோரும்தான் மருந்து போட்டார்கள், அதனால் போட்டி சமமாகத்தானே இருந்தது? முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. 1999 முதல் 2005 வரை மேடை ஏறிய 21 இடங்களில் 20 இடங்கள் ஊக்கமருந்தோடு தொடர்புள்ளவை என்று அதே அமெரிக்க அமைப்பு சொல்கிறது. அதனால்தான் அந்த ஏழு வருடப் பட்டத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே விட்டுவிட்டார்கள்.

ஆனால் பாசோன் மருந்து போடவில்லையே? அவருக்கு என்ன கிடைத்தது? எம்மாவும் பெட்ஸியும் போட்டியிலேயே இல்லையே? 'எல்லோரும்' என்று சொல்லும்போது இவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள். மருந்து போட்டதை மன்னிக்கலாம். உண்மை சொன்னவர்களைப் பொய்யர்கள் ஆக்கியதை அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடியாது என்பது என் கருத்து.

அப்படியானால் அந்த நம்பிக்கை? இங்கே நமக்குப் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் யுவராஜ் சிங், 2012ல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றது அதே இண்டியானாவில், அதே ஐன்ஹார்னிடம். ஆர்ம்ஸ்ட்ராங்கின் புத்தகத்தைப் படித்துத் தெம்பு பெற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 2012 செப்டம்பர் 11 அன்று நம் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக யுவராஜ் மறுபடி சர்வதேசப் போட்டியில் இறங்கி 34 ரன் எடுத்தார். ஒரு ரன்னில் இந்தியா தோற்றது, ஆனால் அன்று அரங்கத்துக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்காது. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு வாழ்நாள் தடை விழுந்து அப்போது 18 நாள்தான் ஆகியிருந்தது.

யுவராஜைப் பிழைக்க வைத்தது மருந்தும் மருத்துவரும். தைரியம் கொடுத்த கதையிலும் ஒரு பாதி முழு உண்மை: மூளை வரை பரவிய நோயிலிருந்து ஒரு மனிதன் எழுந்து வந்தான். அந்தப் பாதிக்கு ஏழு பட்டங்கள் தேவையே இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங் பிழைத்து வந்து, சாதாரணமாக 50வது இடத்தில் சைக்கிள் ஓட்டியிருந்தாலும் ஒரு நோயாளிக்கு அது போதுமான செய்திதான். அவருக்குத்தான் அது போதவில்லை.

2012ல் அவர் விலகிய பிறகும் லிவ்ஸ்ட்ராங் அறக்கட்டளை அவர் பெயர் இல்லாமல் தொடர்ந்து நடந்தது. 2014ல் ஆஸ்டினில் புதிய மருத்துவக் கல்லூரியின் புற்றுநோய்ப் பிரிவுக்கு 5 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. டூர் டி பிரான்ஸின் வெற்றியாளர் பட்டியலில் 1999 முதல் 2005 வரை ஏழு வரிகள் இன்றும் காலியாகவே இருக்கின்றன.