20 விநாடிக்குள் ஓர் இன்ஜின்

கல்லூரி நாட்களில் 'கிரான் டூரிஸ்மோ' ஆடும்போது, "கார் சத்தமா இது? மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு" என்று கிண்டலடித்திருக்கிறேன். செய்தவர்களின் சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். சமீபத்தில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1997-ல் அது வெளியானது முதல் பிளேஸ்டேஷனில். அதன் ஒலிச் சில்லுக்கு 24 சேனல்கள், 512 கிலோபைட் நினைவகம். 28 சாம்பிள்களை 16 பைட்டில் சுருக்கி வைக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் மொத்தமே சுமார் 20 விநாடி ஒலிதான் அடங்கும். ஆறு கார்கள், டயர் கிறீச்சிடல், மோதல் எல்லாம் அதற்குள்ளே!

ஆக, சின்ன ஒலித்துண்டைச் சுழலவிட்டு, ஆர்பிஎம் ஏற ஏற சுருதியைக் கூட்ட வேண்டியதுதான். வினை அங்கேதான். நிஜத்தில், நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 முறை வெடிக்கும். வேகம் கூடினால் அந்த எண்ணிக்கை கூடும். சைலன்சர் குழாயின் நீளம் மாறாது, அதன் அதிர்வும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சுருதியைக் கூட்டினாலோ இரண்டும் சேர்ந்து ஏறிவிடும். குழாயே குட்டையான மாதிரி காதில் விழும். அதுதான் என் மிக்ஸி.

பிளேஸ்டேஷன் 3-ல் 256 மெகாபைட் வந்த பிறகும் ரசிகர்களின் இந்தப் புகார் ஓயவில்லை. அதற்கு வன்பொருளைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் 1997-க்கு? கிண்டலை வாபஸ் வாங்கிக்கிறேன்.