பெயர் தெரியும், வாசித்தோமா?



வருடம் பிறந்ததும் "இம்முறை ஐம்பது புத்தகம்" என்று நாம் இலக்கு வைக்கிறோம். பெப்ரவரியில் அது மறந்து போகிறது. இந்த வருடம் எண்ணிக்கையை விடுவோம். ஒரு மனிதரை நினைப்போம்.

எம்.சி. சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி. தன் தொழிலோடு நின்றிருக்கலாம். ஆனால் நம் சமூகம் நவீன கல்வியிலிருந்து ஒதுங்கி நிற்பது அவரை வருத்தியது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். மறுவருடம் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் அவரது கல்விப் பணிக்குத் துணை நின்றார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் வந்து ஆறே வருடங்களில், இலங்கையின் முதல் தமிழ் நாவல்!

வினாத்தாளில் இதைக் கேட்டால் பிள்ளைகள் சரியாக எழுதுகிறார்கள். நாமும் சரி போட்டுப் புள்ளி கொடுக்கிறோம். அந்த நாவலைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மேடையில் அவரைப் புகழ்கிறோம், அவர் எழுதியதை வாசிப்பதில்லை. சமூகம் வாசிக்க வேண்டும் என்று பாடுபட்டவருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா?

ஆகவே நமது முதல் இலக்கு 'அசன்பே சரித்திரம்'. நாளுக்குப் பத்துப் பக்கம். பழைய தமிழ் நடை சற்றுச் சிரமம்தான், பிள்ளைகளோடு சத்தமாக வாசித்தால் இலகுவாகும். பிறகு, பெயர் மட்டும் தெரிந்த இன்னொரு நூல். வருட முடிவில் மூன்று நூல்கள் முடிந்தாலும் போதும், அவற்றை உண்மையாக வாசித்திருப்போம்.

இன்ஷா அல்லாஹ், இன்றிரவே தொடங்குவோம்.